வருட அறிக்கையை யாராவது படிக்கிறீர்களா? கொடுத்தவர்கள் மறுவருடமும் கொடுக்க என்ன செய்யலாம்?

ராகிக்களி | பென்னாகரம்

பென்னாகரம் வட்டத்தில் மலையோர ஊர்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளையில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். பள்ளிக்கூடம் தூரமாக இருக்கும் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு ஜீப்பும் ஓடுகிறது. ஆடிட்டர் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறார். அடுத்து வருட அறிக்கை, அது இந்தத் தடவை என் தலையில் விழுந்திருக்கிறது.

பிரச்சினை இதுதான். புதிதாகக் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. யாராவது எங்களைப் பற்றி முகநூலில் எழுதினால் அந்த வாரம் முழுக்கக் கணக்கில் ஐநூறும் ஆயிரமுமாக விழும். அடுத்த வருடம் பார்த்தால் அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை இருக்காது. கோபித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்ல முடியாது. நாங்கள் இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. ஒருவரைக் கூப்பிட்டுப் பேசினேன், "ஓ, இன்னும் நடத்துறீங்களா?" என்றார்.

செயலாளர் ஐயா நாற்பது பக்கம், வழவழ தாள், முழுக்கக் கலர் என்கிறார். பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் அறிக்கையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதே பேச்சு. அந்தச் செலவில் ஜீப்புக்கு நாலு டயரையும் மாற்றிவிடலாம். இன்னொரு அறங்காவலர், அறிக்கையே வேண்டாம், வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டால் போதும் என்கிறார்.

இங்கே கொடுப்பவர்களும் இருக்கிறீர்கள், நடத்துபவர்களும் இருக்கிறீர்கள். நிஜமாகவே யாராவது இந்த அறிக்கைகளைப் படிக்கிறீர்களா?

பெங்களூரா மாம்பழம் | ஊர் காவேரிப்பட்டணம், பிழைப்பு பெங்களூரு

கொடுப்பவன் கட்சியிலிருந்து சொல்கிறேன். படிக்க ஆசைப்பட்டுத்தான் திறக்கிறேன்.

சில்க் போர்டு சிக்னலில் பஸ் நிற்கும்போது போனில் பிடிஎஃப் திறப்பேன். முதல் பக்கம் தலைவர் படம். இரண்டாம் பக்கம் தலைவர் செய்தி, அதில் காந்தி, விவேகானந்தர், கலாம் மூன்று பேரும் வருவார்கள். அப்புறம் அதிகாரி ஒருவர் குத்துவிளக்கு ஏற்றுகிறார். அப்புறம் பேனர் பிடித்துக்கொண்டு குரூப் போட்டோ. எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி விரல் வலிக்கும், அதற்குள் பச்சை விழுந்துவிடும்.

நான் தேடுவது ஒன்றே ஒன்று. போன வருடம் செய்யப்போவதாகச் சொன்னீர்களே, அது என்ன ஆச்சு?

ஒரு உதாரணம். தருமபுரி பக்கம் ஒரு அமைப்பு (பெயர் வேண்டாம்) ஊர்ப் பள்ளியில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் வைக்கப் பணம் கேட்டது. நம் மாவட்டத்தில் ஃப்ளோரைடு தண்ணீரின் கதை எல்லோருக்கும் தெரியும். பல்லில் மஞ்சள் கோடு இல்லாத ஆள் எங்கள் அப்பா தலைமுறையில் குறைவு. மனசு வந்து கொடுத்தேன். அந்த வருட அறிக்கையில் இயந்திரத்துக்கு மாலை போட்டு முழுப்பக்கப் படம். சந்தோஷம். அதற்கடுத்த வருட அறிக்கையை முழுக்கத் துழாவினேன், அந்தப் பள்ளியின் பெயர்கூட இல்லை. ஓடுகிறதா, ஃபில்டர் மாற்றினார்களா, ஒகேனக்கல் குடிநீர் அந்த ஊருக்கு வந்து இயந்திரம் தேவையில்லாமல் போய்விட்டதா? 2013-லேயே திறந்த திட்டம், வந்திருந்தால் நல்ல செய்திதானே, அதையாவது சொல்லலாமே. புதிதாக வேறு ஒரு பள்ளிக்கு வேறு ஒரு இயந்திரம், வேறு ஒரு மாலை. நான் அதற்குக் கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் அரைப் பக்கம் போதும். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. வைத்த அன்று இவ்வளவு, ஒரு வருடம் கழித்து இவ்வளவு என்று இரண்டு பரிசோதனை எண்களைப் போட்டிருந்தால் ஆயுளுக்கும் கொடுத்திருப்பேன்.

ஓசூர் பேரேடு | கணக்குத் தணிக்கை

உள்ளடக்கத்துக்கு முன்னால் காலத்தைப் பாருங்கள். பல அமைப்புகள் கோட்டை விடுவது அங்கேதான்.

கொடுப்பவர்கள் அதிகம் கொடுப்பது மார்ச்சில். உங்கள் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30, வருமான வரிப் படிவத்துக்கு அக்டோபர் 31. அதற்குப் பிறகு வடிவமைப்பு, தலைவர் செய்தி, பிழைதிருத்தம் என்று இழுத்து அறிக்கை வெளியே வரும்போது பொங்கல். மார்ச்சில் கொடுத்தவருக்குப் பத்து மாதம் கழித்துத்தான் பதில். அவர் மறக்காமல் என்ன செய்வார்?

ஆனால் நடுவில் ஒரு நாள் உங்கள் கையிலேயே இருக்கிறது. 80ஜி பதிவு (கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்க வைக்கும் பதிவு) உள்ள ஒவ்வொரு அறக்கட்டளையும் முந்தைய நிதியாண்டின் நன்கொடைப் பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் ஏற்ற வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். ஏற்றிய பிறகு, கொடுத்த ஒவ்வொருவருக்கும் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் இறங்கும், அதை அவர்களுக்கு அனுப்பியே ஆக வேண்டும். பட்டியல் தயார், மின்னஞ்சல் தயார், அவர்களும் அந்தச் சான்றிதழுக்காகக் காத்திருப்பார்கள். நிறையப் பேர் அதை வெறும் இணைப்பாக, உள்ளே ஒரு வரிகூட எழுதாமல் அனுப்புகிறார்கள். அதோடு ஒரு பக்கக் கடிதம் சேருங்கள். தணிக்கை முடியாத எண்களை அதில் போட வேண்டாம், வேலை எப்படிப் போகிறது என்று மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று. புதிய வரி முறையில் 80ஜி கழிவு கிடையாது. 2023-24 முதல் அதுதான் இயல்பு முறை, பழையது வேண்டும் என்றால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் வரிக்காகக் கொடுத்துவந்த சம்பளக்காரர்கள் பலருக்கு இப்போது அந்தக் காரணமே போய்விட்டது. இனிமேல் வேலையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அறிக்கை முன்னைவிட முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

(2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண்கள் வேறு, படிவம் அச்சடிக்கும்போது கவனம்.)

அரூர்க்காரி | ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

பென்ஷனில் இருந்து மாதாமாதம் கொஞ்சம் கொடுக்கிறேன், இரண்டு இடத்துக்கு. நீங்கள் எல்லாம் சொல்கிற பிடிஎஃப் எனக்கு வரும். திறந்தால் ஆங்கிலம். அரூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செய்கிற வேலையை அரூர்க்காரிக்கு ஆங்கிலத்தில் சொல்வானேன்? எனக்கு ஆங்கிலம் தெரியும், அது வேறு. பக்கத்து வீட்டு ரேஷன் கடைக்கார அம்மாவும் நூறு ரூபாய் கொடுக்கிறாள், அவளுக்கு நான் எதைக் காட்டுவது?

எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகை முடிந்த மறுவாரம் கோயில் முன்னால் கூட்டம் போட்டு வரவு செலவு வாசிப்பார்கள். பந்தல் இவ்வளவு, மேளம் இவ்வளவு, வாணம் இவ்வளவு, போன வருஷ மிச்சம் இவ்வளவு. "வாணத்துக்கு எதுக்குடா இவ்வளவு?" என்று ஒருவர் எழுந்திருப்பார். சண்டை நடக்கும். ஆனால் அடுத்த வருஷம் வரி கொடுக்காத வீடு இருக்காது. உங்கள் அறிக்கையும் அந்த மாதிரி இருந்தால் போதும், ராகிக்களி. கேள்வி கேட்க இடம் விட்டு எழுதுங்கள். கடைசியில் ஒரு போன் நம்பர் போட்டு, எந்த நாளில் எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் பேசுவீர்கள் என்றும் போடுங்கள். நான் கூப்பிடுவேன்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும் அம்மா. தாளில் அடித்து அனுப்பினால் இன்னும் நல்லது.

தளி ரோடு

எல்லாம் நல்ல பேச்சு. ஆனால் நடத்துகிறவன் பக்கம் இருந்தும் ஒருவர் பேச வேண்டுமல்லவா?

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் எங்கள் அமைப்பு இயங்குகிறது. இங்கே பாதி வீட்டில் தெலுங்கு, மீதியில் கன்னடம், பள்ளியில் தமிழ். அஞ்செட்டி மலைப் பக்கம் ஆள் நிற்கவே மாட்டான். சேர்த்த பணியாளர் ஆறு மாதத்தில் ஓசூர் கம்பெனி வேலைக்குப் போய்விடுவான், அங்கே சம்பளம் அதிகம், கேன்டீன் உண்டு, நான் குறை சொல்லவில்லை. போன வருடம் சொன்னதில் பாதிதான் இந்த வருடம் நடக்கும். அதை அப்படியே அச்சடித்து "சொன்னோம், நடக்கவில்லை" என்று போடு என்கிறார் மாம்பழம். அவர் ஒருவர் கைதட்டுவார். மீதிப் பேர் "இவர்களுக்குச் செய்யத் தெரியவில்லை" என்று பக்கத்து அமைப்புக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பக்கத்து அமைப்பு குத்துவிளக்குப் படம்தான் போடும்.

உண்மை பேசுகிறவனுக்கு மட்டும் தண்டனை கிடைக்கிற சந்தையில் தனி ஆளாக உண்மை பேசச் சொல்லாதீர்கள்.

பெங்களூரா மாம்பழம்

தளி ரோடு அண்ணா, பணியாளர் நிற்கவில்லை என்று இங்கே நீங்கள் எழுதிய நாலு வரியை உங்கள் அறிக்கையில் போட்டிருந்தால் நான் பணம் அனுப்பியிருப்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மலையில் ஏன் ஆள் நிற்பதில்லை என்று எந்த அறிக்கையிலும் நான் படித்ததே இல்லை.

தளி ரோடு

நம்பர் அனுப்பு தம்பி, பார்க்கலாம்.

சிப்காட் மேசை | ஓசூர்

ஒரு தொழிற்சாலையின் சிஎஸ்ஆர் (கம்பெனி சமூகப் பணிக்குக் கொடுக்கும் நிதி) மேசையில் இருக்கிறேன், எது என்று கேட்காதீர்கள். தளி ரோடு சொல்வதில் பாதி சரி.

எங்களுக்கு வரும் அறிக்கையில் முதலில் பார்ப்பது பின்பக்கம். தணிக்கை செய்த வரவு செலவு, அறங்காவலர் பெயர்கள், அவர்களில் யாருக்காவது அமைப்பிலிருந்தே சம்பளமோ வாடகையோ போகிறதா, எந்த ஊரில் எவ்வளவு செலவு. இவை இல்லாவிட்டால் முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேலே நகராது. சட்டப்படி பார்த்தால், சராசரி சிஎஸ்ஆர் கடமை 10 கோடியோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், 1 கோடியோ அதற்கு மேலோ போன திட்டங்களுக்குத்தான் வெளி ஆளை வைத்துத் தாக்க மதிப்பீடு (வேலையால் என்ன பலன் என்று அளப்பது) செய்ய வேண்டும். ஊர்ப்புறத்தில் நாங்கள் கொடுப்பது எல்லாம் அதற்கு வெகு கீழே. ஆக, எங்கள் மேலாளரிடம் காட்ட என்னிடம் இருப்பது உங்கள் அறிக்கையும், கொடுத்த பணம் எதற்குச் செலவானது என்று நீங்கள் தரும் பயன்பாட்டுச் சான்றும்தான்.

தோல்வியைப் பற்றி. கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008 முதல் "தோல்வி அறிக்கை" என்று தனியாகவே வெளியிட்டது, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதைப் பார்த்து நீங்களும் தனிப் புத்தகம் போட வேண்டாம், நம் ஊருக்கு அது அதிகம். ஆனால் ஒரு திட்டம் பாதியில் மாறினால் ஏன் மாறியது, பணம் இப்போது எங்கே இருக்கிறது, இந்த இரண்டையும் முன்கூட்டியே சொன்ன அமைப்பின் மேல் எங்களுக்குக் கோபம் வந்ததில்லை. நாங்கள் நேரில் போய்க் கண்டுபிடித்தால்தான் சிக்கல். அப்போது அடுத்த வருடம் என் கையெழுத்து வராது.

பயன்பாட்டுச் சான்றில் எல்லாம் முடிந்ததாகவும் அறிக்கையில் பாதி முடிந்ததாகவும் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிற ஆள் ஒருவன் இருக்கிறான்.

ராகிக்களி

இத்தனை பதில் எதிர்பார்க்கவில்லை. சரி, வெட்கப்படாமல் எங்கள் வரைவில் இருந்தே ஒரு பத்தி போடுகிறேன். எண்களை மாற்றியிருக்கிறேன், மாதிரிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இவ்வாண்டில் நமது அறக்கட்டளை மலைவாழ் மக்களின் குழந்தைகள் 400 பேருக்கு மாலைநேரக் கற்றல் மையங்கள் வாயிலாகத் தரமான கல்வியை வழங்கி அவர்தம் வாழ்வில் ஒளியேற்றியுள்ளது. மேலும் போக்குவரத்து வசதி ஏற்படுத்தப்பட்டு இடைநிற்றல் வெகுவாகக் குறைக்கப்பட்டுள்ளது."

கிழியுங்கள்.

அரூர்க்காரி

ஒளியேற்றியுள்ளது, ஏற்படுத்தப்பட்டுள்ளது, குறைக்கப்பட்டுள்ளது. யார் செய்தது? ஜீப் ஓட்டியது யார்? பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? "வெகுவாக" என்றால் எத்தனை பேர்? பத்தாம் வகுப்புக் கட்டுரையில் இப்படி எழுதினால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன்.

பெங்களூரா மாம்பழம்

டீச்சர் வட்டம் போட்டுவிட்டார், நான் திருத்திப் பார்க்கிறேன். எண்கள் மாதிரிக்குத்தான், மற்ற விவரங்கள் என் ஊகம், நீங்கள் சரியானதைப் போட்டுக்கொள்ளுங்கள்:

"ஜூனில் மையங்களில் 400 பிள்ளைகள் சேர்ந்தார்கள். மார்ச்சில் 330 பேர் இருந்தார்கள். போன 70 பேரில் பெரும்பாலோர் தீபாவளிக்குப் பிறகு அப்பா அம்மாவோடு பெங்களூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போனவர்கள், சிலர் பொங்கலுக்குத் திரும்பினார்கள். போன வருடம் இந்த இடத்தில், பெற்றோர் வெளியூர் போகும்போது பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க ஒரு வீடு பார்ப்பதாகச் சொல்லியிருந்தோம். வீடு கிடைத்தது. இரவு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அதற்காக வந்த பணம் செலவழியாமல் கணக்கில் தனியாக இருக்கிறது, 11ஆம் பக்கத்தில் பார்க்கலாம். மழைக்காலத்தில் ஜீப் பல நாள் மேலே ஏறவில்லை, பாதை அரித்துவிட்டது. அந்த நாட்களில் பெரிய பிள்ளைகள் நடந்து வந்தார்கள், சின்னவர்கள் வரவில்லை."

இதைப் படித்துவிட்டு எவன் ஓடிப்போவான்? எனக்கு உடனே ஒரு கேள்வி வருகிறது, அந்த வீட்டுக்கு ஆள் கிடைத்ததா என்று. பதில் தெரிந்துகொள்ளவாவது அடுத்த அறிக்கையைத் திறப்பேன்.

ஓசூர் பேரேடு

அவசரப்படாதீர்கள். மாணவர்கள் தங்கும் வீடு என்றால் அனுமதி, பதிவு எல்லாம் வேறு கதை. அறிக்கையில் எழுதுவதற்கு முன்னால் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு வரி எழுதிவிட்டுப் பத்து அலுவலகத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டாம்.

குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்து செலவாகாத பணத்தை இருப்புநிலைக் குறிப்பில் தனித் தலைப்பில் காட்டியிருக்க வேண்டும். பொதுச் செலவோடு கலந்துவிட்டு அறிக்கையில் மட்டும் "தனியாக இருக்கிறது" என்று எழுதினால் அது பொய்.

புத்தகப்பூச்சி கிருஷ்ணகிரி

எண்ணா, கதையா என்று வழக்கமாக ஒரு சண்டை வரும், இன்னும் வராததால் நானே கிளப்புகிறேன்.

2007-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு இதில் ரொம்பப் பிரபலம். ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூவரும் செய்தது. ஒரு சின்ன வேலைக்குக் கூலியாக 5 டாலர் கொடுத்து, அதிலிருந்து விருப்பமானதை நன்கொடை தரலாம் என்றார்கள். மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43. அதாவது கதையோடு எண்ணைச் சேர்த்ததும் கை சுருங்கிவிட்டது.

இதை வைத்துத்தான் நிதி திரட்டும் பயிற்சிகளில் "ஒரே ஒரு முகம் காட்டு" என்று சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம். அந்த ஆய்வு பார்த்தது முன்பின் தெரியாதவர் ஒரு தடவை கொடுப்பதை. ராகிக்களியின் பிரச்சினை இரண்டாம் வருடம். அமெரிக்காவிலேயே முதல் தடவை கொடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் மறுவருடம் கொடுக்கிறார்கள் என்கிறார்கள். முகம் காட்டிக் கூட்டி வந்தவர்களைத் தக்கவைக்க அதே முகம் போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தொடர்ச்சி வேண்டும், அதற்கு எண் வேண்டும்.

பக்கத்திலேயே, தருமபுரி மாவட்டத்தில் உதாரணம் இருக்கிறது. சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-இல் ஒரு குடிசையில் ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பழங்குடியினருக்கான மருத்துவ அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள் என்ற எண் இன்றுவரை அவர்களைப் பற்றிய எல்லாக் கட்டுரையிலும் வருகிறது. தொடக்கத்திலேயே எண்ணி வைத்ததால்தான் பிறகு எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடிகிறது. ராகிக்களி, உங்கள் ஊர்களில் இப்போது எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை என்று எண்ணி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அறிக்கையைவிட அது முதல் வேலை.

மலர்க்கொடி | குழந்தைகள் நலப் பணி

முகம் காட்டு என்று யாரோ சொன்னதும் ஓடி வந்தேன்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, 74ஆம் பிரிவு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். "எங்கள் மையத்துக்கு வருவது சாதாரணப் பிள்ளைகள்தான்" என்பீர்கள். அந்த வரையறைக்குள் திருமண வயதுக்கு முன்னால் கல்யாணம் ஆகிவிடும் அபாயத்தில் இருக்கும் குழந்தையும் வரும். நம் இரண்டு மாவட்டத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. "கல்யாணத்தை நிறுத்தினோம், இதோ எங்கள் மகள், இப்போது பதினொன்றாம் வகுப்பு" என்று படத்தோடும் ஊர்ப் பெயரோடும் அறிக்கை வருகிறது. கைதட்டு கிடைக்கும். அந்தப் பெண் அந்த ஊரில்தான் இன்னும் இருக்கிறாள். அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அறிக்கை வாட்ஸ்அப்பில் ஊருக்குத் திரும்பி வர ஒரு நாள் போதும்.

பெயரை மாற்றி, ஊரைச் சொல்லாமல், முகம் தெரியாமல் எழுதலாம். எழுதியதை அந்தப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் படித்துக் காட்டுங்கள். "இந்த வரி வேண்டாம்" என்றால் எடுத்துவிடுங்கள். பேர் மாற்றினாலும் "மூணு அக்கா, அப்பா லாரி டிரைவர்" என்று எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

ராகிக்களி

மலர்க்கொடி அக்கா, நன்றி. அட்டைப்படத்துக்கு எடுத்து வைத்திருந்த படத்தைத் தூக்கிவிட்டேன்.

அடுத்த தலைவலி. கொடுத்தவர்கள் பெயர்ப் பட்டியல். செயலாளர் ஐயா தொகை வாரியாகப் போட வேண்டும் என்கிறார்.

தளி ரோடு

போடாமல் விட்டுப் பாருங்கள், மண்டிக்காரர்கள் ஒருவர்கூட அடுத்த வருடம் போன் எடுக்க மாட்டார்கள். நம் ஊர்க் கோயிலில் டியூப் லைட் வெளிச்சம் வருவதே உபயதாரர் பெயருக்கு நடுவில்தான்.

அரூர்க்காரி

போடுங்கள், ஆனால் தொகை வேண்டாம், அகர வரிசையில் போடுங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்த மண்டிக்காரருக்குப் பக்கத்தில் ரேஷன் கடை அம்மா பெயர் வரும். அவள் அதை வெட்டி வைத்துக்கொள்வாள். மண்டிக்காரருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. என் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்கிறவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள், என் மகனுக்குத் தெரிந்தால் எனக்கு வீட்டில் பேச்சு விழும்!

ஓசூர் பேரேடு

அச்சில் பெயர் வேண்டாம் என்பது வேறு, கணக்கில் பெயர் இல்லாதது வேறு. பெயர் முகவரி பதியாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் மிஞ்சியதற்கு 30 சதவீதம் வரி. டீச்சரம்மா பெயரை அறிக்கையில் விட்டுவிடலாம், பேரேட்டில் விடக் கூடாது. ரொக்கமாக 2,000-க்கு மேல் வாங்கினால் 80ஜி கழிவு அவருக்குக் கிடைக்காது என்பதையும் ரசீதிலேயே போட்டுவிடுங்கள், பிறகு வந்து சண்டை போடுவார்கள்.

அப்படியே இன்னொரு எச்சரிக்கை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் க்யூஆர் போடுவது இப்போது வழக்கம். அந்தப் பக்கம் மட்டும் தனியாக வெட்டப்பட்டு உலகம் சுற்றும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா மகன் இங்கே உள்ள தம்பியின் யூபிஐ வழியாக அனுப்பி வைப்பார். உங்களுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவு) இல்லையென்றால் அவர் பணத்தை வாங்கக் கூடாது, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் அவர் வெளிநாட்டவர்தான். இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. க்யூஆருக்குக் கீழே ஒரு வரி போதும்: "இந்தியக் குடிமக்களிடமிருந்து மட்டுமே நன்கொடை பெறுகிறோம்."

ராகிக்களி

இதுவரை படித்ததை வைத்து அறங்காவலர் கூட்டத்தில் பேசினேன். செயலாளர் ஐயா கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். பன்னிரண்டு பக்கம், தமிழில், சாதாரணத் தாள், கறுப்பு வெள்ளை. நடுவில் இரண்டு பக்கம் முழுக்க, இடது பக்கம் போன வருடம் சொன்னது, வலது பக்கம் நடந்தது. அதில் அவருக்கு இன்னும் முழு மனசு இல்லை, "எதிராளிக்கு நாமே ஆயுதம் கொடுக்கணுமா?" என்கிறார். ஆனால் தலைவர் செய்தியை அரைப் பக்கமாகக் குறைக்க ஒப்புக்கொண்டார். பெங்களூர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தில் நாலு பக்கச் சுருக்கம், போனில் பெரிதாக்காமல் படிக்கிற அளவு எழுத்தில். அடுத்த மே மாதம் 10பிஇ சான்றிதழோடு கடிதம்.

அனுப்புவது எப்படி என்றுதான் இப்போது குழப்பம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் போட்டால் நிறையப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை என்கிறார்கள்.

புத்தகப்பூச்சி கிருஷ்ணகிரி

உங்கள் நம்பரை அவர்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் பிராட்காஸ்ட் போகும். ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். ரசீது அனுப்பும்போதே "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். குழு ஆரம்பிக்காதீர்கள், மறுநாளே குட் மார்னிங் ரோஜாப்பூ வர ஆரம்பிக்கும்.

தளி ரோடு

முதல் தடவை கொடுத்தவர்களுக்கு மட்டுமாவது போன் பண்ணுங்கள். பணம் கேட்காமல். "அறிக்கை வந்ததா, ஏழாம் பக்கம் பாருங்க" என்று மட்டும். ஜீப் டிரைவரையே பேச வைக்கலாம், எங்கள் ஆட்களில் சிஎஸ்ஆர் மேலாளர்களிடம் நன்றாகப் பேசியதே டிரைவர்தான்.

மாம்பழத் தம்பி நிஜமாகவே அனுப்பிவிட்டார். இப்போது அவருக்கு மலையில் ஆள் நிற்காத கதையை எழுதி அனுப்ப வேண்டும், உட்கார்ந்திருக்கிறேன்.

சிப்காட் மேசை | ஓசூர்

அதை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பணியாளர் சம்பளத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று எங்கள் மேலாளர் ஒவ்வொரு வருடமும் கேட்கிறார், என்னிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லை.

ராகிக்களி

கடைசியாக ஒரு சந்தேகம். அட்டைக்குப் பிள்ளைகள் படம் வேண்டாம் என்று ஆனபிறகு ஜீப் படம் போடலாம் என்று நினைக்கிறோம். சேற்றில் மாட்டி நிற்கிறது, டிரைவர் டயருக்குக் கல் முட்டுக் கொடுக்கிறார். பிள்ளைகள் யாரும் இல்லை. பரவாயில்லையா?

மலர்க்கொடி

டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜீப் பக்கவாட்டில் பள்ளிக்கூடம் பெயர் எழுதியிருந்தால் அதை மட்டும் மறைத்துவிடுங்கள்.

ஓசூர் பேரேடு

இன்சூரன்ஸ், எஃப்சி இரண்டும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.